பூனையின் தோலில் பொருக்கும் முடி உதிர்வும்: மருந்துக்கு முன்னால் காரணம்

பூனையைத் தடவிக் கொடுக்கும்போது ரோமத்துக்கு அடியில் தினை தினையாக ஏதோ விரலில் தட்டுப்படும். ரோமத்தை விலக்கிப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் காய்ந்துபோன சின்னஞ்சிறு பொருக்குகள் தெரியும். நகத்தால் லேசாகத் தள்ளினால் நாலைந்து முடியோடு சேர்ந்து உரிந்து வரும், அடியில் தோல் சிவந்திருக்கும். கழுத்துப் பிடரியிலும், முதுகு முடிந்து வால் தொடங்கும் இடத்திலும்தான் இவை பெரும்பாலும் முதலில் தென்படும். வேறு சில பூனைகளுக்குப் பொருக்கே இருக்காது. வயிற்றிலும் உள்தொடையிலும் மட்டும் முடி போய் வெறும் தோல் தெரியும்.

இதைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது, “என்ன மருந்து போடலாம்?” என்பதைத்தான். அக்கறையில் கேட்கிற கேள்விதான். ஆனால் அது இரண்டாவதாக வர வேண்டிய கேள்வி. பொருக்கும் சொட்டையும் நோயின் பெயர்கள் அல்ல. பூனையின் தோல் எந்த உறுத்தலுக்கும் ஒரு சில விதங்களில்தான் பதில் சொல்லும். உடம்பெங்கும் சிறு பொருக்குகள் தோன்றுவது ஒன்று. நக்கி நக்கி இரண்டு பக்கமும் ஒரே அளவில் முடி போவது இன்னொன்று. முகத்தையும் கழுத்தையும் பின்னங்காலால் பிறாண்டிப் புண்ணாக்குவது மூன்றாவது. உதட்டில் குழிப்புண், வயிற்றில் மேடிட்ட ஈரமான சிவந்த தடிப்பு, தொடையின் பின்புறம் நீளவாக்கில் ஒரு தடிப்பு என்று வருவது நாலாவது. இந்த நான்கில் எதுவும் தெள்ளுப்பூச்சியால் வரலாம், உணவு ஒவ்வாமையால் வரலாம், தூசு, மகரந்தம் போன்றவற்றின் ஒவ்வாமையாலும் வரலாம். ஒரே பூனைக்கு இரண்டு மூன்று விதங்கள் சேர்ந்தும் வரும். அதனால்தான் ஒரு புகைப்படத்தைப் பார்த்துவிட்டு யாரும் காரணத்தை அடித்துச் சொல்ல முடியாது. எதை முதலில் சோதிப்பது, எதைக் கடைசியில் வைத்துக்கொள்வது என்ற வரிசைதான் இங்கே முக்கியம்.

முதலில் தெரிய வேண்டியது, முடி தானாக உதிர்கிறதா, பூனையே பிடுங்குகிறதா என்பது. “எங்கள் பூனை சொறிவதே இல்லையே, அப்புறம் ஏன் முடி போகிறது?” என்று கேட்பவர்கள் நிறைய. நாய் அரிப்பெடுத்தால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி சொறியும். பூனை நக்கும். நக்குவது அதன் அன்றாட வேலை என்பதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. அதோடு பல பூனைகள் ஆள் இல்லாத நேரத்தில், கட்டிலுக்கு அடியிலோ அலமாரிக்குப் பின்னாலோ போய் நக்கும். அதன் நாக்கில் உள்நோக்கி வளைந்த கொக்கிகள் வரிசையாக இருக்கின்றன. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நக்கினால் அவை முடியை முறித்துவிடும்.

இதை உறுதிசெய்ய எளிய வழி உண்டு. கால்நடை மருத்துவர் அந்த இடத்தின் ஓரத்திலிருந்து சில முடிகளைப் பிடுங்கி நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார். நுனி கூர்மையாக, இயல்பாக மெலிந்து முடிந்திருந்தால் அது தானாக உதிர்கிற முடி. நுனி முறிந்து பிசிறாக இருந்தால் நாக்கின் வேலை. வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளவும் முடியும். சொட்டையான இடத்தை முடி வளரும் திசைக்கு எதிராகத் தடவிப் பாருங்கள். குத்தலாகச் சொரசொரப்பு தெரிந்தால் முடி வேரோடு போகவில்லை, முறிந்திருக்கிறது. முடி உருண்டை வாந்தி கூடியிருக்கிறதா, மலத்தில் முடி தெரிகிறதா என்பதும் துப்புதான். அலைபேசி கேமராவை இரவில் ஓடவிட்டுப் பார்த்தவர்களுக்கு விடை சீக்கிரமே கிடைத்திருக்கிறது. ஒரு சின்னத் தெளிவு: கண்ணுக்கும் காதுக்கும் இடையே முடி அடர்த்தி குறைவாக இருப்பது பூனைகளுக்கு இயல்பு. குட்டை ரோமப் பூனைகளில் அது நன்றாகவே தெரியும். அதற்காகப் பயப்பட வேண்டாம்.

இனி காரணங்களுக்கு வருவோம். வரிசையில் முதலிடம் எப்போதும் தெள்ளுப்பூச்சிக்கு. “எங்கள் பூனைக்குப் பூச்சியே இல்லை, சீவிப் பார்த்துவிட்டோம்” என்று சொன்னாலும் முதலிடம் அதற்குத்தான். தெள்ளு ஒவ்வாமை என்பது பூச்சியின் எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல, அதன் எச்சிலைப் பொறுத்தது. ஒவ்வாமை உள்ள பூனைக்கு ஒன்றிரண்டு கடியே பல நாள் அரிப்புக்குப் போதும். அரிப்பெடுத்த பூனை நக்கி நக்கி அந்தப் பூச்சியையும் விழுங்கிவிடும். ஆகவே மிக மோசமாக அவதிப்படும் பூனையின் உடம்பில்தான் பூச்சி கண்ணில் படாது. தோல் நோய் பார்க்கும் மருத்துவர்கள் “பூச்சி இல்லை” என்ற பேச்சை ஏற்காமல் தெள்ளு மருந்திலிருந்து தொடங்குவது இதனால்தான்.

பூச்சியைத் தேடுவதைவிட அதன் எச்சத்தைத் தேடுவது பலன் தரும். நெருக்கமான பல்லுள்ள தெள்ளுச் சீப்பால் வாலடியிலிருந்து முதுகு முழுக்கச் சீவி, வருகிற கருப்புத் துகளை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டுங்கள். சாதாரண அழுக்கு கருப்பாகவே இருக்கும். தெள்ளின் எச்சம் சிவந்த பழுப்பாகக் கசியும், ஏனென்றால் அது செரித்த இரத்தம். இன்னொரு மறைமுகச் சாட்சியும் உண்டு. பூனையின் ஆசனவாய் ஓரத்திலோ அது படுக்கும் துணியிலோ அரிசி மாதிரி வெள்ளைத் துணுக்குகள் ஒட்டியிருந்தால் அவை நாடாப்புழுவின் துண்டுகள். பூனைகளுக்கு அதிகம் வரும் நாடாப்புழு வகை தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால்தான் வருகிறது. பூச்சியை யாரும் பார்க்கவில்லை என்றாலும் பூனை அதைத் தின்றிருக்கிறது என்று அந்தத் துணுக்கு சொல்லிவிடும்.

தெள்ளு மருந்து ஒருமுறை போட்டும் குறையவில்லை என்ற புகாரின் காரணம் பூச்சியின் வாழ்க்கையில் இருக்கிறது. பூனையின் உடம்பில் இருக்கும் வளர்ந்த பூச்சிகள், வீட்டிலுள்ள மொத்தக் கூட்டத்தில் சுமார் 5 சதவீதம்தான் என்பது பொதுவான கணக்கு. மீதி முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாகப் படுக்கையிலும் தரைவிரிப்பிலும் சோபா மடிப்பிலும் கிடக்கிறது. ஒரு பெண் பூச்சி நாளொன்றுக்கு 40 முதல் 50 முட்டை வரை இடும். முட்டைகள் ஒட்டாது, பூனை போகிற இடமெல்லாம் உதிரும். சூடும் ஈரமும் இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் புதிய தலைமுறை தயார். கூட்டுப்புழு நிலையில் உள்ளவற்றை மருந்து எளிதில் எட்டாது. அவை மாதக்கணக்கில் காத்திருந்து, அதிர்வும் உடல் சூடும் பட்டதும் வெளியே வரும். ஆகவே குறைந்தது மூன்று மாதம் இடைவிடாமல், வீட்டிலுள்ள எல்லாப் பூனைக்கும் நாய்க்கும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும். அரிப்பு இல்லாத பூனையை விட்டுவிட்டால் அதுவே அடுத்த படைக்குத் தாயகமாகிவிடும். படுக்கைத் துணியை வெந்நீரில் துவைப்பதும், தரையையும் இடுக்குகளையும் வாக்குவம் போட்டு உறிஞ்சுவதும் மருந்தில் பாதி.

எந்த மருந்து என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். பிடரியில் விடும் சொட்டு மருந்துகளில் நாய்க்கான சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். நாய் தாங்கும், பூனை தாங்காது. சில வேதிப்பொருட்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பெர்மெத்ரின் பட்ட பூனைக்கு முதலில் காதும் தோலும் துடிக்கும், பிறகு நடுக்கம், வலிப்பு, உயிரே போகலாம். “நாய் மருந்துதானே, பாதி அளவு போடுவோம்” என்ற கணக்கு எத்தனையோ பூனைகளைக் கொன்றிருக்கிறது. வீட்டில் நாய்க்கு அந்த மருந்து போட்டால்கூட அது காயும்வரை பூனையை நெருங்க விடக்கூடாது. டீ ட்ரீ எண்ணெய், மனிதச் சொறிக்குப் பூசும் பென்சைல் பென்சோவேட், சாலிசிலிக் அமிலம் கலந்த களிம்பு ஆகியவையும் பூனைக்கு ஆபத்துதான். தோலில் பூசியது எதுவானாலும் கொஞ்ச நேரத்தில் வயிற்றுக்குள் போய்விடும் என்பதை எப்போதும் நினைவில் வைக்க வேண்டும். கால்நடைகளுக்கான ஐவர்மெக்டினைக் கண்ணளவில் ஊற்றுவதும் அப்படித்தான். அந்த மருந்தின் செறிவு மாட்டின் எடைக்கு ஏற்றது, மூன்று கிலோ உயிருக்கு அல்ல. செலமெக்டின், ஃபிப்ரோனில், ஃப்ளூராலனர் போன்றவை பூனைக்கென்றே தயாரித்த வடிவில் கிடைக்கின்றன. பூனையின் எடையும் வயதும் சொல்லி மருத்துவரிடம் வாங்க வேண்டும். முன்பு வலிப்பு வந்த பூனை என்றால் அதையும் சொல்ல வேண்டும். ஃப்ளூராலனர் சேர்ந்த மருந்துக் குடும்பம் சில விலங்குகளுக்கு வலிப்பைத் தூண்டலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-ல் எச்சரித்திருக்கிறது.

தெள்ளுக்கு அடுத்து, அல்லது அதோடு கூடவே பார்க்க வேண்டியது படர்தாமரை. இது பூஞ்சை நோய். பூனைகளில் பெரும்பாலும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற வகையால் வருகிறது. குட்டிகளுக்கும் பெர்ஷியன் போன்ற நீள ரோமப் பூனைகளுக்கும் அதிகம். முகம், காது, முன்னங்கால் ஆகிய இடங்களில் வட்டமாக முடி போய் மேலே சாம்பல் நிறச் செதில் படிந்திருப்பது வழக்கமான தோற்றம். ஆனால் வட்டமே இல்லாமலும் வரும், அரிப்பே இல்லாமலும் வரும். அதை நான் வரிசையில் இவ்வளவு முன்னால் வைப்பதற்குக் காரணம், அது வீட்டு மனிதர்களுக்கும் தொற்றும். பூனையைத் தூக்கிக் கொஞ்சுபவரின் கை, கழுத்து, மார்பில் சிவந்த வளையம் தோன்றினால் பூனையையும் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டும். குழந்தைகளுக்கும், நோய் எதிர்ப்புத் திறன் குறைந்தவர்களுக்கும் இன்னும் எளிதாகத் தொற்றும்.

மருத்துவர் இருட்டறையில் புற ஊதா விளக்கு அடித்துப் பார்ப்பார். பாதித்த முடித்தண்டு பச்சை ஆப்பிள் நிறத்தில் ஒளிரும். ஒளிர்ந்தால் வலுவான சான்று, ஒளிராவிட்டால் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. பொருக்கும் களிம்பும்கூட வேறு நிறங்களில் மின்னும் என்பதால் பழகிய கண் தேவை. முடியை எடுத்துப் பூஞ்சை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினால் விடை வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். சிகிச்சையில் பலரும் தடுமாறுவது, தெரிகிற ஒரு வட்டத்தில் மட்டும் களிம்பு தடவிவிட்டு நிறுத்துவதில்தான். பூஞ்சை விதைகள் முழு உடம்பின் ரோமத்திலும் இருக்கும். இட்ராகோனசோல் போன்ற உள்மருந்தும், வாரம் இரண்டு முறை சுண்ணாம்புக் கந்தகக் கரைசல் போன்ற முழு உடல் சிகிச்சையும் சேர்ந்தால்தான் தீரும். கந்தகக் கரைசல் நாற்றமடிக்கும், வெள்ளிப் பாத்திரத்தைக் கறுக்க வைக்கும், ஆனால் நன்றாக வேலை செய்யும். உதிர்ந்த முடியில் விதைகள் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கக்கூடும். அதனால் முதலில் முடியை அகற்றிவிட்டு, பிறகுதான் கிருமிநாசினி. முடி முளைத்துவிட்டதே என்று மருந்தை நிறுத்தாமல், மறுசோதனையில் பூஞ்சை இல்லை என்று வரும்வரை தொடர வேண்டும்.

சிற்றுண்ணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் கண்டுபிடித்துவிட்டால் சிகிச்சை எளிது. பூனைச் சொறி நோய் காதின் ஓரத்தில் தொடங்கி முகம், கழுத்து என்று பரவும். தடித்த சாம்பல் நிறப் பொருக்கும் அடங்காத அரிப்பும் அதன் அடையாளம். பூனை சுருண்டு படுப்பதால் பாதங்களுக்கும் வாலடிக்கும் போய்ச் சேரும். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் கூட்டமாகவே தெரியும். காது உண்ணி என்றால் காதுக்குள் கருப்பான உதிரி அழுக்கு நிறையும், பூனை காதைப் பிறாண்டிப் பிறாண்டிக் கழுத்தைப் புண்ணாக்கிக்கொள்ளும். முதுகில் பொடுகு நிறைய இருந்து, உற்றுப் பார்த்தால் அந்தப் பொடுகு நகர்வது போலிருந்தால் அது இன்னொரு வகை உண்ணி. எல்லாமே பக்கத்துப் பூனைக்குத் தொற்றும்.

பூச்சியும் பூஞ்சையும் உண்ணியும் இல்லை என்று உறுதியான பிறகுதான் ஒவ்வாமையின் பக்கம் போக வேண்டும். உணவு ஒவ்வாமைக்கு நம்பகமான இரத்தச் சோதனை கிடையாது. முடியை அனுப்பினால் கண்டுபிடித்துத் தருகிறோம் என்பதில் பணம்தான் போகும். ஒரே வழி, பூனை இதுவரை சாப்பிடாத இறைச்சியைக் கொண்ட உணவோ, புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துத் தயாரித்த மருத்துவ உணவோ கொடுத்துக் குறைந்தது 8 வாரம் காத்திருப்பது. அந்த 8 வாரத்தில் வேறு எதுவும் வாயில் படக்கூடாது. பக்கத்து வீட்டில் ஒரு துண்டு மீன் கிடைத்தாலும் சோதனை கெட்டுவிடும். பூனைகளில் அதிகம் ஒவ்வாமை தருபவை மாட்டிறைச்சி, மீன், கோழி. மூன்றும் வழக்கமான பூனை உணவில் இருப்பவை என்பதால் உணவுப் பொதியின் பெயரை மாற்றுவது மட்டும் போதாது. அரிப்பு நின்றால் பழைய உணவைத் திரும்பக் கொடுத்து, மீண்டும் வருகிறதா என்று பார்ப்பதும் சோதனையின் ஒரு பகுதி. இதைச் செய்ய மனம் வராது, செய்தால்தான் உறுதி. பிடிவாதக்காரப் பூனை புது உணவைத் தொடாவிட்டால் பட்டினி போட்டுப் பழக்கக்கூடாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்கு, அதுவும் பருத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். பழையதில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதைக் கலந்து மாற்ற வேண்டும். உணவும் இல்லை என்றால் மிஞ்சுவது தூசு உண்ணி, மகரந்தம், பூஞ்சைத் துகள் போன்றவற்றின் ஒவ்வாமை. அது பெரும்பாலும் ஆயுள் முழுக்க நிர்வகிக்க வேண்டியது.

இந்த இடத்தில் ஸ்டீராய்டு பற்றிப் பேசியாக வேண்டும். ஓர் ஊசி போட்டதும் இரண்டு நாளில் அரிப்பு நின்று, வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைவார்கள். மாதம் கழித்து மீண்டும் வரும், மீண்டும் ஊசி. காரணம் தேடாமல் இப்படி நீண்டநாள் வேலை செய்யும் ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பூனைக்கு அது நீரிழிவைக் கொண்டுவரலாம், இதயக் கோளாறு மறைந்திருந்தால் அதை வெளிக்கிளப்பலாம், படர்தாமரை இருந்தால் இன்னும் பரப்பலாம். போட்டபின் திரும்ப எடுக்கவும் முடியாது. மாத்திரையாகக் கொடுத்தால் அளவைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். ஸ்டீராய்டு மாத்திரைகளில் பூனைக்குப் பிரெட்னிசோனைவிடப் பிரெட்னிசோலோன்தான் பொருத்தம், முன்னதைப் பூனையின் உடல் சரியாக மாற்றிக்கொள்வதில்லை. நீண்ட காலம் மருந்து தேவைப்படும் பூனைக்கு, ஸ்டீராய்டு அல்லாமல் எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் இருக்கிறது. அது முழுப் பலன் தர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பாதியில் கைவிட மாட்டோம்.

பிறகு, மன அழுத்தம். முடி போன பூனைக்கு மிக எளிதாகக் கிடைக்கும் தீர்ப்பு இது. “புது வீட்டுக்கு வந்தோம், அதனால்தான்”, “குழந்தை பிறந்தது, அதனால்தான்” என்று கதையும் பொருந்திவிடும். 2006-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஓர் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. மனக் காரணத்தால் முடி இழந்ததாகக் கருதப்பட்ட 21 பூனைகளை முறையாக ஆராய்ந்தபோது 16-க்கு உடல் காரணம் கிடைத்தது. 3 பூனைகளுக்கு இரண்டும் கலந்திருந்தது. மனக் காரணம் மட்டுமே என்று நின்றவை 2. சிறிய ஆய்வுதான், ஆனால் தோல் மருத்துவத்தில் பலரின் போக்கையே மாற்றியது. மன அழுத்தம் பூனையை நக்க வைக்காது என்று நான் சொல்லவில்லை. ஒளிந்துகொள்ள இடமில்லாத வீடு, சண்டைக்கு வரும் இன்னொரு பூனை, போதாத மலத்தொட்டி எல்லாம் அரிப்பைப் பெரிதாக்கும். ஆனால் அந்தத் தீர்ப்பைக் கடைசியில்தான் எழுத வேண்டும். அடிவயிற்றில் மட்டும் ஓயாமல் நக்கும் பூனைக்குச் சிறுநீர்ப்பையில் வலி இருக்கலாம். ஒரு மூட்டின் மேல் மட்டும் நக்கினால் அந்த மூட்டே வலிக்கலாம்.

பொருக்கு வந்த இடத்தை வைத்தே உஷாராக வேண்டிய சில சந்தர்ப்பங்களும் உண்டு. வெள்ளைக் காது, வெள்ளை மூக்கு உள்ள பூனைக்குக் காது நுனியிலோ மூக்கிலோ ஆறாத சிறு பொருக்கு வந்து, உதிர்ந்து, அதே இடத்தில் மீண்டும் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். வெயிலால் வரும் தோல் புற்றுநோய் இப்படித்தான் தொடங்கும், ஆரம்பத்தில் வெட்டி எடுத்தால் பிழைக்கும். முகம், காது, முலைக்காம்பைச் சுற்றி, நகக்கண்களில் கெட்டியான மஞ்சள் பொருக்கு படர்ந்து காய்ச்சலும் சோர்வும் இருந்தால் உடலின் எதிர்ப்புச் சக்தியே தோலைத் தாக்கும் நோயாக இருக்கலாம். மூக்கின் மேலும் காதிலும் கொசு கடித்து மட்டும் பொருக்கு வரும் பூனைகள் உண்டு, வீட்டுக்குள் வைத்தால் ஆறிவிடும். தாடையில் கரும்புள்ளிகள் பெரும்பாலும் முகப்பரு போன்ற சிறு தொல்லைதான். வெளியே போய் வரும் பூனைக்கு ஒரே இடத்தில் பொருக்கும் வீக்கமும் சூடும் இருந்தால் சண்டையில் பட்ட பல்லின் சீழ்க்கட்டி, அதே நாளில் காட்ட வேண்டும். வயதான பூனை அரிப்பே இல்லாமல் மெலிந்துகொண்டே முடியும் இழந்தால் தைராய்டு, நீரிழிவு உள்ளிட்ட உள்நோய்களுக்கு இரத்தப் பரிசோதனை தேவை.

மருத்துவரைப் பார்க்கப் போகும்வரை வீட்டில் செய்யக் கூடியது கொஞ்சம்தான். பொருக்கை உரிக்காதீர்கள், அதற்கு அடியில்தான் புதுத் தோல் வளர்கிறது. பூனையைக் குளிப்பாட்டிவிட்டுக் கூட்டிப் போனால் மருத்துவர் பார்க்க வேண்டிய எச்சமும் செதிலும் போய்விடும். பின்னங்கால் நகங்களின் நுனியை வெட்டிவிடலாம். ரத்தம் வரும்படி பிறாண்டினால் கழுத்தில் கூம்பு போடலாம், அது நோயை ஆற்றாது என்றாலும் புண் பெரிதாகாமல் காக்கும். கடைசியாகத் தெள்ளு மருந்து போட்ட தேதி, அதன் பெயர், சாப்பிடும் எல்லா உணவும், தொல்லை முதலில் எந்த இடத்தில் எப்போது தொடங்கியது என்பதை எழுதிக்கொண்டு போங்கள். தோல் நோயில் இந்த ஒரு தாள் பாதி நோயறிதல். ஒரே வெளிச்சத்தில் வாரம் ஒரு படம் எடுத்து வைத்தால், தினம் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத மாற்றமும் தெரியும்.

சரியான காரணம் பிடிபட்டால் முதலில் நிற்பது அரிப்பு, அதற்குச் சில நாள் முதல் சில வாரம் ஆகும். பிறகு பொருக்கு காய்ந்து தானே உதிரும். முடி கடைசியில்தான் வரும், முழு அடர்த்திக்கு இரண்டு மூன்று மாதம்கூடப் பிடிக்கும். சயாமீஸ் இனப் பூனைகளில் சொட்டையான இடத்தில் புது முடி கறுப்பாக முளைத்து வளர்ப்பவரைத் திகைக்க வைக்கும். அந்த இனத்தில் முடிக்கு நிறம் தரும் நொதி தோலின் வெப்பத்தைப் பொறுத்தது. முடி மூடாத தோல் குளிர்ந்திருப்பதால் அங்கே நிறம் கூடுகிறது. அந்த முடி உதிர்ந்து அடுத்தது முளைக்கும்போது பழைய நிறம் திரும்பிவிடும், அதற்கு மருந்து எதுவும் வேண்டாம்.